துடைப்பத்துக்கு மாஸ்க் கிடையாது

"யாரோ இத மாட்டியிருக்காங்க" என்றான் அவன்.

காலை ஆறரை மணி. அவன் கையில் மாஸ்க் இருந்தது. மூக்கின் இருபக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். பின்மண்டையில் மாட்டும் பட்டை இரண்டு விரற்கடை இறுக்கப்பட்டிருந்தது. அவன் மண்டை ஒரே ராத்திரியில் பெருத்துவிடவில்லை என்றால், அதைவிடச் சின்ன மண்டை ஒன்று அதற்குள் போய் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் மொத்தம் மூன்று மண்டைகள். அவனுடையது, அவன் அம்மாவுடையது, மனைவியுடையது. அம்மா முழங்கால் வலியால் மூன்று மாதமாக வாசல் தாண்டவில்லை.

"நான்தான்" என்றாள் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல். "நேத்து சாயங்காலம் நீங்க கைகால் கழுவப் போனப்ப. திருப்பித் தளத்தி வைக்க மறந்துட்டேன்."

"எதுக்கு மாட்டுனே?"

"தூசி வந்துச்சு."

"தூசி என்ன, இன்னிக்கு நேத்தா வருது?"

"அதுக்குத்தான்."

கட்டிலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "புருஷன் மூஞ்சில போடறத பொண்டாட்டி போடலாமாடி? இன்னிக்கு மாஸ்க்கு, நாளைக்கு அவன் சட்டையப் போட்டுக்கிட்டு நீ முன்னால நடப்பே, அவன் பின்னால வரணும்."

"மிஷின் ஓட்டறவனுக்குத்தான் மாஸ்க். அது கம்பெனி ரூல்" என்றான் அவன். "உனக்கு என்ன மிஷினா குடுத்திருக்காங்க?"

"தொடப்பம்."

"அப்புறம் என்ன?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது. அது அடங்குவதற்குள் அவன் பட்டையைத் தளர்த்திப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டான். வழக்கம்போல அவன் முன்னால் நடந்தான், இரண்டு பேர் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.

ஒரு பெரிய கட்டடத்தின் நிலவறையில் அவர்களுக்கு வேலை. வண்டிகள் நிறுத்தும் இடம். பழைய கான்கிரீட் தரையில் ஒட்டியிருந்த பசையையும் பெயின்ட்டையும் சுரண்டி எடுத்து, புதுப் பூச்சு பிடிக்கிற மாதிரி மேல்தோலைச் சீவ வேண்டும். அதற்குத்தான் மிஷின். புல் வெட்டும் வண்டிபோல நீளக் கைப்பிடி, அடியில் வைரப்பல் பதித்த தட்டு. தட்டு சுழன்றால் தரை மாவாகப் போகும். அந்த மாவை உறிஞ்ச மிஷினோடு ஒரு வேக்குவம் உண்டு, அதற்கு ஒரு குழாயும் உண்டு. குழாய் நான்கு மாதத்துக்கு முன் கிழிந்தது. கிழிசலை டேப் போட்டுச் சுற்றினார்கள், பிறகு டேப்பும் கிழிந்தது. புதுக் குழாய் கேட்டு எழுதிய கடிதம் ஆபீசில் 'பரிசீலனையில்' இருந்தது.

எனவே மாவு தரையிலேயே தங்கியது. அதைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. கனமான தூள் முறத்துக்கு வரும். லேசான தூள் வராது, எழுந்து நிற்கும். மதியத்துக்கு மேல் அவள் புருவம், இமை, தலை எல்லாம் நரைத்துவிடும். சாயங்காலம் குழாயடியில் குளித்துப் பத்து வயது குறைந்து வீடு திரும்புவாள்.

மிஷின் ஓட்டுகிறவனுக்குக் கம்பெனி கொடுத்தது: மாஸ்க், கண்ணாடி, காதுமூடி, பூட்ஸ். அவளுக்குக் கொடுத்தது: இரண்டு மாதத்துக்கு ஒரு துடைப்பம். வருகைப் பதிவேட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'மிஷின்காரர் சம்சாரம்' என்று ஆறு வருடமாக எழுதி வந்தார்கள்.

பெருக்குவதோடு அவள் இன்னும் சில வேலைகளும் செய்தாள். தரையில் துருத்திக்கொண்டிருக்கிற ஆணியையும் போல்ட்டையும் கண்டுபிடித்துச் சாக்பீசால் வட்டம் போட்டாள். தட்டின் பாதையில் ஒயர் வராமல் இழுத்துப் பிடித்தாள். பல் மாற்ற அவன் குனியும்போது "புடுங்கு" என்று கத்துவான், அவள் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பதிவேட்டின்படி இவை அனைத்தும் பெருக்குதலே.

இருமலுக்கு ஒருமுறை டாக்டரிடம் போயிருந்தாள். "என்ன வேலை?" என்று கேட்டார். "பெருக்கற வேலை" என்றாள். அவர் 'வீட்டு வேலை' என்று எழுதிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

அந்த வாரம் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். வேறு ஏதோ ஒரு வேலைத்தளத்தில் ஒருவனுக்குக் கால்விரல் போயிருந்தது. அதனால் மிஷின் ஓட்டுகிற எல்லோரும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி அட்டை வாங்க வேண்டும் என்று கட்டடத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு மிஷின்காரர்கள் ஓர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முடிந்ததும் பெருக்க வேண்டுமே என்று அவள் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"பல் மாத்தறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்று அவள் கணவனிடம் கேட்டார் அதிகாரி.

"சுவிட்ச ஆஃப் பண்ணுவேன் சார்."

"அது போதுமா?"

அவன் மேலே பார்த்தான். கூரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"பிளக்கையே புடுங்கிடணும் சார்" என்றது வாசல். "புடுங்கி கைலயே வெச்சிருக்கணும். தட்டு முழுசா நிக்கற வரைக்கும் குனியக் கூடாது."

"யாரது?"

"மிஷின்காரர் சம்சாரம் சார். பெருக்கறவங்க" என்றார் மேஸ்திரி.

அதிகாரி தலையாட்டிவிட்டு, கணவனின் தாளில் 'சரி' போட்டார். மிஷினைக் கிளப்பும் முன் தரையில் என்ன பார்க்க வேண்டும், ஒயர் எந்தப் பக்கம் கிடக்க வேண்டும், கைப்பிடி திமிறினால் என்ன செய்ய வேண்டும் என்று கேள்விகள் தொடர்ந்தன. பத்துக்கு ஒன்பது வாங்கி அவன் தேறினான். அந்த ஒன்பதில் ஆறு வாசலிலிருந்து வந்தவை.

கடைசியாக அதிகாரி விதிகளைப் படித்தார். கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசிதான் ஆளைக் கொல்லும், அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது என்றார். "அதனால காய்ஞ்ச தூசிய யாரும் பெருக்கவே கூடாது."

"அப்ப நான் என்ன சார் பண்றது?" என்றாள் அவள்.

"வேக்குவம் போடணும்மா. இல்லன்னா தண்ணி தெளிச்சு அள்ளணும்."

"வேக்குவம் மிஷினாச்சே. நான் தொடலாமா?"

"பயிற்சி இல்லாம தொடக் கூடாது."

"தண்ணி தெளிச்சா தரை காய நேரமாகும் சார்" என்றார் மேஸ்திரி, தரைக்காக வருத்தப்பட்டு.

"மாஸ்க்காவது கெடைக்குமா சார்?"

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே தேடினார். "மிஷின் ஓட்டறவங்களுக்குன்னுதாம்மா போட்டிருக்கு." பிறகு பையை மூடினார். நான்கு தாள்தான் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலை விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. முந்தின நாள் தூசி தரையில் விரல் கனத்துக்குக் கிடந்தது. அவள் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் பெருக்கலயா?" என்றார் மேஸ்திரி.

"காய்ஞ்சத பெருக்கக் கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்களேண்ணே."

"அது ஒட்டறதுக்கும்மா. எந்திரி."

"ஒரு வாளி தண்ணி குடுங்க, இல்லன்னா மாஸ்க் குடுங்க. எந்திரிக்கறேன்."

கணவனுக்கு முகம் சிவந்தது. நான்கு பேர் முன்னால் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவன் நின்றுகொண்டிருக்கிறான். "அவ கெடக்கறா. நான் ஓட்டறேன்" என்றான்.

"தரை பாக்காம ஓட்டாதீங்க" என்றாள் அவள்.

"நீ பரிச்சையா எழுதின? அட்டை எங்கிட்ட இருக்கு."

மிஷின் கிளம்பியது. பத்தடி போவதற்குள் தூண் ஓரத்தில், தூசிக்கு அடியில் நின்றிருந்த போல்ட்டில் தட்டு முட்டியது. மிஷின் குதித்துத் திரும்பியது. கைப்பிடி வீசி அவன் விலாவில் அறைந்தது. அவன் விழுந்தான். பிடி விட்ட மிஷின் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, உடைந்த பல்லைச் சுவரில் எறிந்துவிட்டு அவன் காலை நோக்கி வந்தது.

மேஸ்திரி "ஐயோ, புடிங்கடா" என்று கத்தினார். ஒருவன் மிஷினை நோக்கி ஓடி, பாதியில் பயந்து நின்றான். அவள் மிஷினை நோக்கி ஓடவில்லை. சுவரை நோக்கி ஓடினாள், பிளக்கைப் பிடுங்கினாள். அவன் கணுக்காலுக்கு ஒரு சாண் தள்ளி மிஷின் நின்றது. தட்டு முழுசாக நிற்கும்வரை அவள் அசையவில்லை. பிறகுதான் போய் அவனைத் தூக்கினாள். பிளக் அவள் கையிலேயே இருந்தது.

இரண்டு விலா எலும்பில் விரிசல். மூன்று வாரம் ஓய்வு.

மறுநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார், விபத்துப் படிவத்தோடு. கட்டிலில் இப்போது மகன், அம்மா தரையில்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எழுதிட்டேன், கேட்டுக்கோங்க. 'பெருக்கும் பணியாளர் தமது கடமையைச் செய்யத் தவறியதால்...'" மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "இதுல பேரு போடணும். உம் பேரு என்னம்மா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"சொல்லேன்டி" என்றாள் மாமியார், ஏதோ பரிசு வந்திருக்கிறது என்று நினைத்து. "மரியாதையா கேக்கறாங்கல்ல."

"மாஸ்க் பட்டியல்ல என்ன பேரு போட்டிருக்கீங்களோ அதையே போடுங்கண்ணே."

"அதுல உம் பேரே இல்லையே."

"அப்ப இதுலயும் வேணாம்."

மேஸ்திரி பேனாவை அவனிடம் நீட்டினார். "சரி, நீ சாட்சிக் கையெழுத்துப் போடுப்பா. 'மிஷின்காரர் சம்சாரம்'னே எழுதிக்கறேன்."

அவன் படிவத்தைப் பார்த்தான். "மிஷின நிறுத்துனது யாருன்னு எழுதலயே?"

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

அவன் பேனாவை வாங்கவில்லை. "கை தூக்க முடியல மேஸ்திரி" என்றான்.

அடி பட்டது இடது விலாவில். தூக்க முடியாதது வலது கை. மேஸ்திரி இரண்டையும் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்தார். கடைசியில் காரணம் 'போல்ட்' என்று எழுதப்பட்டது. அதன் தரப்பில் மறுப்பு எதுவும் இல்லை.

அவர் போனபின் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "நான் திரும்ப வேலைக்குப் போற வரைக்கும் எம் மாஸ்க்க நீ மாட்டிக்கோ."

"உங்க அளவு எனக்கு ஒட்டாதுங்க. அன்னிக்கே பாத்தேன், எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்துல தூசி போவுது. என் மூஞ்சிக்கு ஒண்ணு வேணும்."

மாமியார் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "சும்மா இரும்மா" என்றான் அவன். அந்த வீட்டில் அது புதுச் சத்தம்.

திங்கட்கிழமை அவள் நேராக ஸ்டோருக்குப் போய் நின்றாள். சின்ன அளவில் ஒரு மாஸ்க் வேண்டும் என்றாள். மிஷின் இல்லாமல் மாஸ்க் இல்லை என்றார் ஸ்டோர்காரர். அப்படியென்றால் பெருக்குவதற்கில்லை என்று அவள் அங்கேயே உட்கார்ந்தாள். கணவனுக்குப் பதிலாக வந்த மிஷின்காரன் விலா எலும்புக் கதையை முழுதாகக் கேட்டிருந்தான். தரையைப் பெருக்கிப் பார்த்தால்தான் சுவிட்சைத் தொடுவேன் என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பத்தரை மணிக்கு மேஸ்திரி வியர்வையோடு மேலே வந்தார்.

"குடுத்துத் தொலைங்கய்யா ஒண்ண."

"மிஷின் பேரு எழுதாம குடுக்க முடியாது மேஸ்திரி. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"தொடப்பம்னு எழுதுங்க."

ஸ்டோர்காரர் முப்பது வருடமாகக் கட்டம் நிரப்புகிறவர். மிஷின்: துடைப்பம். எண்ணிக்கை: ஒன்று. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "எதுல ஓடுதுன்னு கேக்குதே. கரண்டா, டீசலா?"

மேஸ்திரி யோசித்தார். "ஒரு பொம்பள" என்றார்.

இயங்கு சக்தி: பெண் - 1 என்று அழகான கையெழுத்தில் எழுதினார் ஸ்டோர்காரர். "கடைசியா பராமரிப்பு பார்த்த தேதி?"

"போன மாசம்தானே புதுசு குடுத்தோம்."

"தொடப்பத்துக்கு இல்ல. ஓட்டற சக்திக்கு. எஞ்சின்னா எண்ணெய் மாத்தினது, பழுது பாத்தது, அந்த மாதிரி."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இருமிக்கொண்டிருந்தாள். முடியும்வரை காத்திருந்தார்கள்.

"காலியா விடலாமா?" என்றார் மேஸ்திரி.

"விட்டா திரும்பி வந்துடும்."

"இன்னிக்குத் தேதியப் போடுங்கண்ணே" என்றாள் அவள், கையை நீட்டி. "இன்னிலேர்ந்து பாத்துக்கறேன்."

ஸ்டோர்காரர் தேதியை எழுதினார். அவள் உறையைக் கிழித்து மாஸ்க்கை எடுத்தாள். மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் வடிகட்டிகளை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஓரத்தில் எங்கும் காற்று வரவில்லை. குழாயடியில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

தரை காய நேரமாகும் என்றார் மேஸ்திரி. மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.