முன்னால் முப்பது பல்

என் ஞாயிற்றுக்கிழமைக் காலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரம் முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போன எனக்கு அந்த நாலு மணி நேரம்தான் சொர்க்கம். சோபாவில் காலை நீட்டி, தலையைக்கூடச் சீவாமல், ஒரு துப்பறியும் நாவலோடு கிடப்பேன். வீட்டில் ஒரு ஈ, காக்கை இருக்காது. வீட்டுக்காரர் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊராரை நோகாமல் மாடிக்கு ஏற்றிவிடுவது அவர் தொழில். ஞாயிறு வந்தால் மட்டும் நொந்து நூலாகி, ஊருக்கு வெளியே தண்ணீர்த்தொட்டி மேட்டில் தன்னைத்தானே ஏற்றிக்கொள்வார். கூடப் போவது என் அக்கா வீட்டுக்காரர். சகலைகள் இருவருக்கும் வெளியில் ஒரே சிரிப்பு, உள்ளுக்குள் ஒரே புகைச்சல். மேட்டில் யார் மிதிக்க முடியாமல் முதலில் காலைத் தரையில் ஊன்றுகிறாரோ, அவர் ஒரு வாரம் சைக்கிளில் குழந்தைகளின் வாத்து ஹாரனை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். இது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். வயது இருவருக்கும் ஐம்பதை நெருங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்து பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதற்குப் பயந்து மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. இப்படியே அழுத்தி மிதித்தால் சைக்கிளையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு ஞாயிறு வீட்டில் இருந்தார். முதல் ஞாயிறு மசாலா டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். அடுத்த ஞாயிறு எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன யோசிக்கிற?" என்று கேட்டார். கொலைகாரன் யாரென்று தெரிய நாலே பக்கம் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராக சைக்கிள் கடைக்குப் போனேன். அவருடைய சைக்கிள் அப்போது சர்வீசுக்காக அங்கேதான் நின்றது.

"முட்டி வலிக்காம மேடு ஏற ஏதாவது வழி இருக்கா தம்பி?" என்றேன்.

கடைக்காரர் சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றிக் காட்டினார். "முன்னாடி ரெண்டு பல்சக்கரம் இருக்கு பாருங்க. பெருசு அம்பத்திரெண்டு பல்லு, சின்னது முப்பத்தாறு. பல்லு குறையக் குறைய மேட்டுல மிதி லேசாகும். இது பந்தயக்காரங்க போடுறது. சாருக்கு எதுக்கு இது? நானும் சொல்லிப் பாத்துட்டேன். 'சின்னப் பல்லு போடுறதுக்கு ஆட்டோ புடிச்சுப் போகலாம்'னு சகலை சிரிப்பாராம்."

அத்தானைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைக்காரர் இரண்டு கிராங்க் செட்டை, அதாவது மிதிக்கம்பியோடு சேர்ந்த பல்சக்கர ஜோடிகளை, துணியில் பரப்பி வைத்தார். ஒன்று ஐம்பதுக்கு முப்பத்துநாலு, இன்னொன்று நாற்பத்தாறுக்கு முப்பது.

"எல்லாரும் அம்பதைத்தான் கேப்பாங்க. ஆனா சின்னதுல ரெண்டு பல்லுதான குறையுது? அந்த மேட்டுக்குப் பத்தாது. முப்பதுன்னா உக்காந்தபடியே ஏறிடலாம். கால் கொஞ்சம் வேகமா சுத்தும், அவ்வளவுதான்."

"பெருசும் நாப்பத்தாறாக் குறையுதே. இறக்கத்துல அத்தான் முந்திட்டா?"

"இறக்கத்துல எதுக்கு மிதிக்கணும்? அதுவா போகும்."

நாற்பத்தாறுக்கு முப்பதே போதும் என்றேன். பழைய அச்சிலேயே அது உட்காரும் என்று பார்த்துச் சொன்னார். செயினில் சில கண்ணிகளைக் கழற்ற வேண்டும், செயினை ஒரு சக்கரத்திலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடும் முன்பக்கக் கருவியைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதானாம். பழையதைப் போலவே கறுப்பாக இருக்கட்டும், அவரிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு வந்தது. போனவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினார். "சர்வீஸ் பிரமாதம்! எண்ணெய் போட்டதுல வண்டி பஞ்சா போகுது!" வாத்து அத்தான் வீட்டுக்குக் குடி போயிருந்தது. நான் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு, "அப்படியா, நல்ல எண்ணெய்தான் போல" என்றேன். உள்ளே சிரிப்பு முட்டியது. ஒரு மாதம் ராணி மாதிரி இருந்தேன். மூன்று நாவல்களில் கொலைகாரர்களைப் பிடித்தேன்.

அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் வராந்தாவில் சாய்த்திருந்த சைக்கிளையே முறைத்தார்.

"எண்ணெய்ல யாராவது மேடு ஏறுவாங்களா சகலை? ஒரு நிமிஷம் இரு. உன் பல்லை எண்ணிப் பாத்துடுறேன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

குட்டு உடைந்தால் இவர் ரோஷத்தில் அன்றைக்கே பழைய கிராங்கைத் திரும்ப மாட்டிவிடுவார். முட்டி போகும். அதோடு என் ஞாயிறும் போகும். தோசை சாப்பிட வாங்க என்று அத்தானை உள்ளே கூப்பிட வாயெடுத்தேன்.

அதற்குள் இவர் கழுத்திலிருந்த துண்டை உருவிக் கிராங்க் மேல் போட்டு மூடினார். "சேறு, சகலை. தொடச்சிட்டுக் காட்டுறேன். காப்பி ஆறுது பாருங்க." மழை பெய்து பல நாளாகிறது. சைக்கிளை அலாக்காகத் தூக்கி உள்ளறையில் வைத்துக் கதவையும் சாத்தினார்.

அத்தான் முணுமுணுத்துக்கொண்டே வாத்தோடு கிளம்பினார். தெருமுனை வரைக்கும் வாத்துச் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"வாழ்நாளெல்லாம் லிஃப்டுல பல்சக்கரம் மாத்துறவன்கிட்டயா மறைக்க முடியும்? வண்டியைக் கொண்டு வந்த அன்னைக்கே எண்ணிட்டேன். கடைக்காரரைக் கேட்டேன், நீ வந்ததைச் சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"முட்டி வலிக்கல. சகலையையும் ஜெயிச்சேன். எதுக்குக் கெடுத்துக்கணும்?" பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீயா போய் விசாரிச்சு, பாத்துப் பாத்து எடுத்திருக்க. இருபது வருஷத்துல உனக்குச் சைக்கிள்ல இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

எனக்குச் சைக்கிளில் ஆசையா? நியாயமாக அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் இதையெல்லாம் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? பாவமாகவும் இருந்தது, பிரியமாகவும் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன்.

"தெரியும்!" என்று துள்ளினார். "உனக்கும் ஒரு சைக்கிள் சொல்லியாச்சு. இதே கிராங்க். அடுத்த ஞாயிறுல இருந்து ரெண்டு பேருமா போறோம், விடிகாலைல. எழுந்து நில்லு, சீட் உயரத்துக்கு அளவெடுக்கணும்."

"ஐயோ, எனக்கு முட்டி வலிங்க."

"அதுக்குத்தானே முப்பது பல்லு" என்று அளவு நாடாவை எடுத்து வந்தார்.