ஒற்றை ஆள் மடிப்பு

பட்டுச்சேலை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இது கடவுளே போட்டு வைத்த சட்டம் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருத்தி முந்தானையைப் பிடிக்க வேண்டும், ஒருத்தி மறுமுனையை. இழுத்துப் பிடித்து, கரையோடு கரை சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து ஒருவர் கையில் ஒருவர் கொடுக்க வேண்டும். என் பிழைப்பு அந்த மறுமுனையில்தான் இருந்தது. முந்தானைப் பக்கம் தயாவதி அக்கா. மறுமுனையில் நான், கீர்த்தி.

காந்தி ரோட்டில் காசிநாதன் முதலாளியின் பட்டுக்கடைக்கு மாடியில் ஆன்லைன் பிரிவு. பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு ரிங் லைட், ஒரு செல்போன் ஸ்டாண்டு, நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். யாராவது வீடியோ காலில் வந்து அந்தப் பச்சையைக் காட்டு, இந்த அரக்கைக் காட்டு என்பார்கள். நாங்கள் பிரித்துக் காட்டுவோம். பத்து சேலை பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். பத்தையும் நாங்கள் மடிக்க வேண்டும். மடிக்கிற நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அக்கா அதிகம் பேசமாட்டாள், மணியைத்தான் பார்ப்பாள்.

அவளுக்குப் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம் அவளுடையது. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார்கள். மாமனார் அப்பாண்டைக்குக் கை நடுக்கம். கவளம் வாய்க்குப் போவதற்குள் பாதி நெஞ்சில் கொட்டிவிடும், யாராவது ஊட்டித்தான் ஆக வேண்டும். மத்தியானக் கஞ்சியைப் பக்கத்து வீட்டு வடிவு ஊட்டிவிட்டு, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பெருமாள் கோயில் வாசலுக்குப் போய்விடுவாள். புருஷன் வர்த்தமான் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஊரே சாப்பிட்டு முடித்திருக்கும். அவனுக்கு மாலைச் சாப்பாடு கம்பெனி கேன்டீனிலேயே, பொழுதோடு. ஆகவே தயாவதி பொழுதோடு போனால் கிழவருக்குச் சோறு. போகாவிட்டால் மறுநாள் காலைவரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

இதையெல்லாம் சொல்லி அவள் முதலாளியிடம் கேட்டிருந்தாள். ஆடுற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும்.

"வேலை முடிஞ்சிதுன்னா அஞ்சு மணிக்கே கெளம்புமா. எனக்கு வேலை நடக்கணும். ஆளு குந்திக்கினு இருக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்றார்.

என்ன பெருந்தன்மை என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிலிருந்து அக்காவுக்கு ஒரே வெறி, அஞ்சு மணிக்குள் வேலையை முடிப்பது. சேலைக்குச் சேலை அலமாரிக்கு ஓடுவதை முதலில் நிறுத்தினாள். நிறம் பார்த்து அடுக்கி, கைக்கு எட்டும்படி வைத்தாள். ஒவ்வொரு சேலையையும் ஒருதரம் மட்டும் விரித்து, முந்தானை, கரை, பின்பக்கம் எல்லாம் வீடியோ எடுத்து, நம்பர் போட்டு செல்லில் வைத்துக்கொண்டாள். கேட்பவர்களுக்கு அதை அனுப்பிவிட்டால் பாதிப் பேருக்குச் சேலையைப் பிரிக்கவே வேண்டியதில்லை. கையொழிந்த நேரத்தில் அட்டைப்பெட்டிகளை மடித்துத் தயாராக வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்தாள். நாலேமுக்காலுக்கு மேசை துடைத்ததுபோல் இருக்கும். அவள் படியிறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவாள். நான் ஆறு மணிவரை செல்போனை நோண்டிக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன கஷ்டம்? சொகுசுதான்.

தாமலில் என் சித்தி மகளுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டேன். திரும்பி வந்தால் சுவரில் ஒரு மரக்கட்டை அடித்து, அதில் துணி சுற்றிய இரண்டு கிளிப் மாட்டியிருந்தது. நான் இல்லாத நாளில் தனியாக மடிக்க அக்கா கண்டுபிடித்த வழி. சேலையின் மறுமுனையைக் கிளிப்பில் மாட்டி, இவள் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சேர்த்து நடந்து போகிறாள். கசங்கவில்லை, ஜரிகை மடங்கவில்லை, எங்கள் இரண்டு பேர் மடிப்பைவிடச் சீராக இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, "உன் கையி இப்ப செவுத்துல கீது பாரு" என்று என்னைக் கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன்.

முதலாளி அதைப் பார்க்கத்தான் மாடிக்கு வந்தார். நின்று பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் என்னைக் கீழே கூப்பிட்டார்.

"உம்மேல ஒண்ணும் தப்பு இல்லமா. ஒரு ஆளு செய்யற வேலைக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

மரக்கட்டைக்கும் கிளிப்புக்கும் நான் தோற்றுப் போனேன். கிளம்பும்போது அக்கா வாசல்வரை ஓடி வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. எனக்காக அவள் முதலாளியிடம் போய் அழுதது எனக்கு அப்போது தெரியாது. நீயேதானே தனியா மடிச்சுக் காமிச்சே என்று அவர் கேட்டாராம். 

நான் ஐயம்பேட்டையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வளையல் அடுக்கப் போனேன். அங்கே கொடுக்கிற சம்பளத்தைச் சொல்ல எனக்கே வெட்கம். வயிறெரிந்து தயாவதியைத் திட்டாத நாள் இல்லை. திட்டுகிறபோது ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. வேலை முடிந்தால் அஞ்சு மணிக்குக் கிளம்பலாம் என்ற பேச்சு அப்படியேதான் இருந்தது. வேலைதான் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

மிச்சத்தை வடிவு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் பெருமாள் கோயில் வாசலில் அவளிடம் பூ வாங்கினேன். அக்கா இப்போதெல்லாம் இருட்டிய பிறகுதான் வீடு சேருகிறாளாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாளாம். கிழவர், பொழுது போயிடுச்சுமா, சோத்தை மூடி வை என்பாராம். மூடி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவாளாம். இப்போது அந்தத் தொல்லையும் விட்டது என்றாள் வடிவு. கிழவர் மகனோடு வண்டியில் சமணக் கோயிலுக்குப் போய், இனி உச்சிப்பொழுதுக்கு மேல் அன்னமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று பகவான் முன்னால் நோன்பு எடுத்துக்கொண்டாராம். சுற்றுப்பட்டு ஊர்ச் சமணர்கள் எல்லாம் வந்து காலில் விழுகிறார்களாம்.

நல்ல சமயம், நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஐந்தாறு பேர் இருந்தார்கள். உள்ளே கட்டிலில் அப்பாண்டை. முன்பு ஒருமுறை பார்த்த மனுஷன் இல்லை இவர். கன்னம் ஒட்டிப்போய், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. முகத்தில் என்ன ஒளி பாரு என்றாள் ஒரு அம்மா. எனக்கு எலும்புதான் தெரிந்தது.

முகூர்த்த சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அக்கா வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். முதலாளியிடம் நோன்பு விஷயத்தைச் சொன்னாளாம். கேட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். எப்பேர்ப்பட்ட மகான் வீட்டு மருமகள் நம்ம கடையில் வேலை செய்கிறாள் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாராம். சொல்லிவிட்டு, இனிமேல் அஞ்சு மணிக்கு ஓட வேண்டியதில்லையே என்று அமெரிக்காக்காரர்களின் சாயங்கால வீடியோ காலையும் இவள் தலையிலேயே கட்டிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றுமே இல்லை. கொண்டுவந்த சண்டையை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

நாற்காலியில் இருந்த அம்மா, கொடுத்து வைத்தவள்மா நீ, இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்க்கும் என்றாள். அக்கா தோள்பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வியர்வையில் நனைந்த கிழவரின் சட்டையை மாற்றினாள். நான் நிலைப்படியில் நின்றேன். குனிந்து பொத்தான் போடும்போது அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இது நோன்பு இல்ல மாமா. எனக்கோசரம் பட்டினி கெடக்குறீங்க."

கிழவரின் கை கட்டில் சட்டத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா சொல்லுமா. வெளிய ஆளுங்க குந்திக்கினு இருக்காங்க."

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள். அவர்தான் மறுபடி கேட்டார்.

"நீ சாப்ட்டியாமா?"

"ஆச்சு மாமா. பொழுதோட கடையிலயே சாப்ட்டேன்."

அவர் தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் பை என் கையில்தான் இருந்தது. காலையில் கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் அதற்குள் திறக்காமலே கனத்தது.