கல்லறைத் தோட்டத்தில் ஆண்ட்ரோமிடா

அருள்தாஸ் உத்திரமேரூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். வீடு சாலவாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில். அவன் அப்பாவும் தாத்தாவும் ஊர்ப் பண்ணையார் கன்னியப்பனின் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். அவன் மட்டும் மதராஸுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பி வந்தான். கன்னியப்பன் வீட்டு வாசலைக் கடக்கும்போது அவன் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. கன்னியப்பன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

1963 பொங்கல் கழிந்த வாரம் அருள்தாஸ் தன் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தினான். அரையடி அகலக் கண்ணாடியை அவனே மாதக்கணக்கில் தேய்த்துக் குழித்து, மதராஸில் வெள்ளி பூசி வாங்கி வந்திருந்தான். தகரக் குழாய், லேத்துப் பட்டறையில் கடைந்த இரும்புத் தாங்கி. மறுநாளே கன்னியப்பன் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"பீரங்கி மாதிரி இன்னாடா அது? எங்க வூட்டுப் பொம்பளைங்கள பாத்துக்கினு கீறியா?"

"வானத்தப் பாக்கறேன்."

"வானத்துல இன்னா கீது?"

"ஆண்ட்ரோமிடான்னு ஒரு காலக்ஸி. கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒண்ணா சேந்த கூட்டம். படம் புடிக்கப் போறேன்."

கன்னியப்பன் கீழே துப்பிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவருடைய பம்ப் ஷெட்டின் கூரைமேல் ஒரு கம்பம் நட்டு, அருள்தாஸின் கொல்லையைப் பார்த்தபடி ஒரு பெரிய பல்பு மாட்டப்பட்டது. விடியும்வரை எரிந்தது. அவ்வளவு மங்கலான ஒன்றைப் படமெடுக்க, படம் பதியும் கண்ணாடி பிளேட்டை ஒரு மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். அருள்தாஸ் எடுத்த முதல் பிளேட் அந்த வெளிச்சத்தில் முழுக்கச் சாம்பல் நிறமாகி வீணாய்ப் போயிருந்தது.

அவன் நேராகப் போய்க் கேட்டான். "ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் லைட்ட நிறுத்துங்க. அப்பறம் போட்டுக்குங்க."

"என் கெணறு, என் கரண்ட்டு. இருட்டு வேணும்னா சுடுகாட்டுக்குப் போய் பொணத்தோட படுடா."

அருள்தாஸ் அப்படியே செய்தான். ஊருக்கு வடக்கே, பனைமரங்களுக்கு அப்பால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குத் தொலைநோக்கியை மாட்டுவண்டியில் ஏற்றினான். அவன் மனைவி ஜெயம்மாள் வண்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"நம்ம கொயந்த படுத்துக்கினு கீற எடம்யா அது. அங்க போயி இத்த வச்சிக்கினு கூத்தடிக்கப் போறியா?"

"வேற எங்க இருட்டு கீது, சொல்லு."

அவள் வண்டியை விட்டு விலகினாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கன்னியப்பனுக்கு இது வசதியாகப் போயிற்று. அருள்தாஸ் மண்டையோடு தோண்டுகிறான், சூனியம் வைக்கிறான் என்று களத்துமேட்டில் சொன்னார். அவரிடம் வேலை செய்த முனிரத்தினம் அதைக் கேட்டுக் கொதித்துப்போனான். அவனும் அருள்தாஸின் தெருக்காரன்தான். அவன் அப்பாவைப் புதைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெருவே அருள்தாஸிடம் முகம் கொடுப்பதை நிறுத்தியது. ஜெயம்மாள் குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

தை அமாவாசையன்று இருட்டியதும் அருள்தாஸ் தொலைநோக்கி நின்ற கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டு ஜெயம்மாளும் கூட நடந்தாள்.

"நீ எதுக்கு?"

"எம் புள்ளைய மிதிச்சிடாம பாக்கறதுக்கு."

வடமேற்கு வானத்தில் ஆண்ட்ரோமிடா மங்கலாகத் தெரிந்தது. அருள்தாஸ் பிளேட்டைத் திறந்தான். தொலைநோக்கியோடு பொருத்தியிருந்த சின்னக் குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் அதற்குள் குறுக்கே கட்டிய நூல்கள் சந்திக்கும் இடத்தை விட்டு விலகாதபடி திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே இருந்தான். வானம் நகரும் வேகத்துக்குக் கை நகர வேண்டும். கழுத்து மரத்துப்போனது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பனைமரங்களுக்கிடையே காலடிச் சத்தம் கேட்டது.

"யார்ரா அது?" என்றாள் ஜெயம்மாள்.

"தள்ளிக்கோ அண்ணி. எங்கப்பன் தலமேல நின்னுக்கினு மந்திரம் போடறானா இவன்?" முனிரத்தினத்தின் குரல்.

"ஒங்கப்பன் அந்தாண்ட படுத்துக்கினு கீறாரு. வந்து பாரு, ஒரு புடி மண்ணு கலைஞ்சிருக்குதா?"

அவன் அவளைத் தள்ளிவிட்டு வந்தான். அருள்தாஸ் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் முனிரத்தினம். அப்பறம் அடி, வாங்கிக்கறேன்."

முதுகில் அடி விழுந்தது. அடுத்தது கழுத்தில். அருள்தாஸ் தடுமாறி, மூடியைத் தள்ளி பிளேட்டை அடைத்தான். பெட்டியோடு உருவி ஜெயம்மாளின் கையில் திணித்தான். "எடுத்துக்கினு ஓடு."

அவள் அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து அடி விழும் சத்தமும், கெட்ட வார்த்தைகளும், கடைசியில் கண்ணாடி நொறுங்கும் சத்தமும் வந்தன. முனிரத்தினம் பெரிய கல்லாக எடுத்துக் குழாய்க்குள் போட்டிருந்தான்.

உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி அருள்தாஸ் வீடு வந்தான். மறுநாள் காலையில் ஸ்டுடியோவின் இருட்டறையில் பிளேட்டைக் கழுவினான். ஜெயம்மாள் கதவருகே நின்றாள். பிரிண்ட் காகிதத்தில் மெல்லச் சாய்ந்த ஒரு வெண்புகை எழும்பியது. நடுவில் பளிச்சென்று ஒரு கரு. இருபுறமும் கரைந்துகொண்டே போகும் ஒளி. அடி விழுந்து குழாய் ஆடியதில் எல்லா நட்சத்திரங்களும் ஒரே பக்கமாகச் சிறு வால் முளைத்து நின்றன.

"இதானா?" என்றாள்.

"இதான்."

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். 

அருள்தாஸ் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போனான். நெல் தூற்றிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதைக் கன்னியப்பனிடம் நீட்டினான். "சூனியம் இன்னான்னு பாருங்க."

கன்னியப்பன் வாங்கிப் பார்த்தார். "கொயந்த கக்கின பாலாட்டம் கீது. இதுக்காடா ஊரையே பேஜார் பண்ண?" நான்காகக் கிழித்துப் போட்டார். முனிரத்தினம் முறத்தைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றான். அருள்தாஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. அதன்பிறகு அவனிடம் பேசவும் இல்லை.

"கிழிங்க. பிளேட்டு எங்கிட்ட கீது," என்றான் கன்னியப்பனிடம்.

அன்றைக்கே டீக்கடைச் சுவரில் ஒரு பிரிண்ட் ஒட்டினான். பொழுது சாய்வதற்குள் கிழிக்கப்பட்டது. மறுநாள் இன்னொன்று ஒட்டினான். அதில் சாணி அடித்தார்கள். அதன்மேல் பெரிதாக ஒன்று ஒட்டினான். டீக்கடைக்காரர் கெஞ்சியபோது சாவடிச் சுவருக்கு மாறினான். ஏரி மதகு, பஸ் நிற்கும் இடத்துப் புளியமரம் என்று அது பரவியது. எதுவும் ஒரு வாரம் முழுசாகத் தங்கவில்லை.

ஒரு காலையில் அருள்தாஸ் சோர்ந்துபோய், இன்றைக்கு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். ஜெயம்மாள் அடுப்பிலிருந்து மைதாப் பசையை இறக்கினாள். தகர டப்பாவில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எழுந்திரு. பசை ஆறினா ஒட்டாது," என்றாள்.