அத்தானின் ஓடிபி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் அக்கா போனில் புலம்பியது. நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, “என்னடா, டைப் அடிக்கிற சத்தம் கேக்குது?” என்றாள். ஆபீஸ் வேலை என்றேன். அக்காவை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வர வேண்டும்.

“எழுதுறதுன்னா எழுதிக்கோ. என்கிட்ட காட்டாம எங்கயும் அனுப்பாதே” என்றாள்.

ஆக, இந்தக் கதை அவளுடைய சம்மதத்துக்கு உட்பட்டது. இதில் மூன்றே பேர். ஒன்று அக்கா. இன்னொருவர் அத்தான், அக்காவின் கணவர், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருக்கிறார். மூன்றாவது, அந்தத் தொழிற்சாலையின் ஒப்பந்தங்களெல்லாம் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்க்க வந்த ஆலோசகர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘விதி மேடம்’. நானும் அப்படியே அழைக்கிறேன், வேறு பெயர் வைத்தால் அக்கா கோபித்துக்கொள்வாள்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘மின்கையொப்பம் செல்லுபடியாக வேண்டுமென்றால், போடுகிறவருக்குப் போடும் எண்ணம் இருக்க வேண்டும். மின்னணு முறையில் செய்துகொள்ள இரு தரப்பும் சம்மதித்திருக்க வேண்டும். போட்டது அவர்தான் என்று காட்ட முடிய வேண்டும். போட்ட பிறகு ஆவணத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது.’

(நான்கு நிபந்தனைக்கு நான்கு அத்தியாயம் என்று கம்பீரமாகத் திட்டம் போட்டிருந்தேன். அக்கா மூன்றாவது நிபந்தனையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கிளப்ப முடியவில்லை.)

இரண்டாவது: ‘விதி மேடம் உள்ளே நுழைந்ததும் அந்தப் பசை நாற்றமடிக்கும் அறைக்கே ஒரு களை வந்தது. நெடிய உருவம், தீர்க்கமான —’

இதைப் படித்துக் காட்டியபோது அக்கா குறுக்கிட்டாள்.

“நெடிய உருவமா? யாரு சொன்னா?”

“நீதானே அக்கா சொன்னே, பார்க்க லட்சணமா இருப்பான்னு.”

“நான் சொன்னா நீ எழுதிடுவியா? அடி அத.”

அடித்துவிட்டேன். விதி மேடத்தின் தோற்றம் பற்றி இந்தக் கதையில் இனி ஒரு வார்த்தையும் வராது. மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.

மூன்றாவது தொடக்கம்தான் தேறியது. அது இது:

3.

ஒரு திங்கட்கிழமை காலை அக்காவின் போன் பேசுவதை நிறுத்தியது.

அழைப்புகள் வந்தன. ஓடிபி வரவில்லை. மற்றவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. அக்காவுக்கு வீட்டில் ஓர் ஆள் குறைந்ததுபோல் இருந்தது.

காரணம் இதுதான். தொழில் கணினிக்கு மாறிய காலத்தில் எல்லா இடத்திலும் ஒரு போன் எண் கேட்டார்கள். அத்தானுக்கும் போனுக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றை அட்டைக் கட்டுக்குள் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார், இன்னொன்று பசைத் தொட்டியில் விழுந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் அக்காவின் எண்ணையே கொடுத்தார். வங்கிக்கு, வரிக்கு, கடைசியில் மின்கையொப்பத்துக்கும். ஒப்பந்தம் வரும். மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் அக்கா அதை உரக்கப் படிப்பாள். அத்தான் நாற்காலியில் சாய்ந்து கேட்டுவிட்டு, சரி போட்டுடு என்பார். அவர் பெயருக்கு ஓடிபி வரும், இவள் போனுக்கு. இவள் அடிப்பாள். கையொப்பம் விழுந்துவிடும். கீழே இயந்திரங்களில் நிற்பவர்கள் அவளுக்கு ‘ஓடிபி அக்கா’ என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.*

அதோடு நின்றிருந்தால் இது வெறும் அலுவலகக் கதை. அத்தான் வெளியூர் போய்ப் பெட்ரோல் போட்டால் ஓடிபி வரும். ஓட்டலில் அறை எடுத்தால் வரும். சட்டை வாங்கினால் வரும். அக்கா உடனே கூப்பிட்டு, என்ன நிறம் என்று கேட்பாள். அவர் எங்கே போனாலும் ஆறு இலக்கமாக அவள் கைக்கு வந்துவிடுவார். ஒரு தடவைகூட அவரைச் சந்தேகப்படத் தேவையில்லாத வாழ்க்கை அது. சந்தேகப்படவே நேரமில்லாமல் செய்தி வந்துகொண்டிருந்தது.

* சட்டம் தெரிந்த வாசகர்கள் இங்கே தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். பொறுங்கள், விதி மேடமும் அதைத்தான் செய்தார்.

4.

அத்தானின் பெரிய வாடிக்கையாளர் ஒரு பிஸ்கட் கம்பெனி. அங்கே நிர்வாகம் கைமாறியது. வந்தவர்கள், சரக்குக் கொடுப்பவர்களின் ஒப்பந்தமெல்லாம் முறையாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். அத்தான் பயந்துபோய் விதி மேடத்தை அழைத்து வந்தார்.

விதி மேடம் வந்து உட்கார்ந்து, கையொப்பம் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா பெருமையாகச் சொன்னாள். விதி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அத்தான் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“சார், உங்க கையெழுத்து உங்க கட்டுப்பாட்டுல மட்டும்தான் இருக்கணும். வேற யார் கட்டுப்பாட்டுலயும் இருக்கக் கூடாது. மனைவியா இருந்தாலும்.”

(இந்த வசனத்தை நான் எழுதவில்லை. அப்படியே சொன்னாராம். இத்தனை வருடம் கதை எழுதுகிறேன், என் பாத்திரம் ஒன்றுகூட இப்படி ஒரு வரி பேசியதில்லை. எனக்கே காதில் புகை வந்தது.)

அந்த வாரமே அத்தானுக்குப் புதுப் போன் வந்தது. புது எண், இனி ஓடிபி எல்லாம் அதற்குத்தான். அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். பசைத் தொட்டிக்காரர் அந்தப் போனைக் குழந்தைபோல் பத்திரமாக வைத்துக்கொண்டார், அது அக்காவுக்கு முதல் எரிச்சல். விதி மேடம் அதில் ஏதோ அனுப்புவார், அத்தான் பார்த்துச் சிரிப்பார். என்னங்க என்று கேட்டால், கையொப்பச் சான்றிதழ் புதுப்பிப்பது பற்றி என்பார். சான்றிதழில் சிரிக்க என்ன இருக்கிறது? அது இரண்டாவது. மூன்றாவது, அந்த அம்மாள் அவளை ‘அக்கா’ என்று அழைத்தது. ஒரே வயது, சொல்லப்போனால் இவளைவிட நான்கு மாதம் மூத்தவள்.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அக்காவுக்குப் பொறாமை அந்தப் பெண்மேலா, அந்தப் போன்மேலா? நேராகவே கேட்டேன். அக்கா இணைப்பைத் துண்டித்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, “ரெண்டும் ஒண்ணுதாண்டா” என்றாள்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டில் என் ரகசியமெல்லாம் அவளிடம்தான் இருக்கும், அவளுடையது என்னிடம். பிறகு ஒருவர் வந்தார், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். அதனால் அக்காவின் வயிற்றெரிச்சலை எழுத எனக்குக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை.

5.

பிஸ்கட் கம்பெனிக்கு வேறெங்கோ மலிவாகப் பெட்டி கிடைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள வழி தேடினார்கள். கிடைத்தது. அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: ஒப்பந்தத்தில் கையொப்பம் விழுந்த நேரத்தில் உரிமையாளர் குடலிறக்க அறுவைச் சிகிச்சையில் இருந்தார், நலம்பெற வாழ்த்தி நாங்களே அந்த மருத்துவமனைக்குப் பூங்கொத்து அனுப்பினோம், மயக்கத்தில் இருந்தவர் கையொப்பம் இட்டது எப்படி?

உண்மை இதுதான். விதி மேடம் வருவதற்கு முன்பு நடந்தது. அத்தானை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, பிஸ்கட் ஒப்பந்தம் வரும், வந்தா போட்டுடு என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. அக்கா வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து போட்டாள். பூங்கொத்தையும் அவளே வாங்கி வைத்தாள்.

ஒப்பந்தம் போனால் பாதி இயந்திரங்கள் நின்றுவிடும். மாடி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா, பழி தன் தலையில்தான் விடியப்போகிறது என்று காத்திருந்தாள். விதி மேடம், பொய் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். கணவர் சொல்லித்தான் மனைவி போட்டார். அதைக் கணவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அன்று செய்ததை இன்றும் ஏற்கிறேன் என்று கையொப்பம் போட்டால் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அங்கேயே உட்கார்ந்து தட்டினார். பத்து வரி.

அக்கா படித்தாள். ‘இந்நிறுவனத்தின் ஒப்பந்தங்கள் யாவும் என் மனைவியின் வாசிப்பிலும் ஆலோசனையிலும், என் முழு அனுமதியுடன் அவர் கையாலும் முடிக்கப்பட்டவை.’ தொழிற்சாலையின் ஏதோ ஒரு காகிதத்தில் அவளைப் பற்றி எழுத்தில் வருவது இதுவே முதல் தடவை.

“நல்லா எழுதியிருந்தாடா” என்றாள் என்னிடம். “அதான் எனக்குத் தாங்கல. இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் எழுதாதத அவ ஒரே மூச்சுல எழுதிட்டா.”

அதோடு முடியவில்லை. கடைசி வரி: ‘இனிவரும் கையொப்பங்கள் அனைத்தும் உரிமையாளரால் மட்டுமே, அவருடைய தனிக் கட்டுப்பாட்டில் உள்ள கைப்பேசி வழியாக இடப்படும்.’ மாலை போட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. தொழில் பிழைக்க வேண்டுமானால் அவள் வெளியேற வேண்டும். அதுவும் அந்த அம்மாள் எழுதிய தமிழில்.

6.

இனி மெதுவாக எழுத வேண்டும்.

பத்திரம் கையொப்பத்துக்கு அனுப்பப்பட்டது. அத்தானின் புதுப் போனுக்கும் போயிற்று. தொழிற்சாலை மெயிலுக்கும் வந்தது, அது வழக்கம்போல் அக்காவின் கணினியில் திறந்துகொண்டது. அதற்குள் கீழே ஒரு இயந்திரம் மக்கர் செய்ய, அத்தான் இறங்கிப் போனார். போகும்போது, அங்கிருந்தே போட்டுவிடுகிறேன் என்றார். அக்காவும் விதி மேடமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ள —

[இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அக்கா, ஒன்றும் பேசவில்லை என்றாள். அழித்துவிட்டேன்.]

அக்காவின் போன் அடித்தது. அத்தான். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“ஏம்மா, ஓடிபி வந்திருக்கு. சொல்றேன், போட்டுடு.”

அவள் பதில் சொல்வதற்குள் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். விரல் வைத்தால் மட்டும் திறக்கும் போன். அதைத் திறந்து, எண்ணை எடுத்து, அந்த மனிதர் பழக்கதோஷத்தில் கூப்பிட்டது யாரை? அதே அறையில் அக்காவுக்கு எதிரே இருந்த விதி மேடத்தை அல்ல. அக்காவின் அத்தனை நாள் பொறாமையும் ஒரு நொடியில் கரைந்தது என்று எழுதினேன். அக்கா, கரையவில்லை, ஜெயித்தது என்று திருத்தினாள்.

ஆனால் அவள் அடித்தால், ‘இனி அவர் மட்டுமே’ என்று சொல்லும் அந்தப் பத்திரத்திலேயே அவர் கையொப்பம் இருக்காது. எந்தக் கணினியில் எண் அடிக்கப்பட்டது என்பதும் கையொப்பத்தோடு பதிவாகும். பிஸ்கட்காரர்கள் தோண்டினால் எல்லாம் குப்புற விழும். அடிக்காவிட்டால், நீங்களே போடுங்க என்று அவள் தன் வாயாலேயே சொல்லித் தன் இடத்தைக் காலி செய்ய வேண்டும். எண்ணுக்கு ஆயுள் பத்து நிமிஷம்.

அத்தான் கத்தியது அறை முழுக்கக் கேட்டிருக்கும். விதி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கீழே பார்க்க ஆரம்பித்தார்.

“அவ ஏன் திரும்பிக்கிட்டான்னு இன்னும் எனக்குப் புரியலடா” என்றாள் அக்கா.

7.

முடிவுகள்.

(அ) அக்கா அடித்துவிடுகிறாள். இதைச் சொன்னபோது, “என்னை அவ்வளவு மட்டமா நெனச்சியா?” என்றாள்.

(ஆ) அக்கா அடிக்கவில்லை, நீங்களே போடுங்க என்று சொல்லிவிட்டாள். அதற்கு, “என்னை அவ்வளவு நல்லவளா நெனச்சியா?” என்றாள்.

(இ) அக்கா விதி மேடத்தின் தோளைத் தொட்டு, இருவரும் —

சினிமா பார்த்து வீணாய்ப் போயிட்டே என்றாள். விட்டுவிட்டேன்.

அப்படியானால் நடந்தது என்ன என்று கேட்டேன். பிஸ்கட் லாரி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பத்திரம் போய்ச் சேர்ந்தது, அவர்கள் அடங்கினார்கள், யாரும் தோண்டவில்லை. அத்தானைக் கேட்டால், கையெழுத்து நான்தான் போட்டேன் என்கிறார். அவர் எந்தக் காலத்திலும் அப்படித்தான் சொல்வார்.

8.

கதை இவ்வளவுதான். வாக்குக் கொடுத்தபடி சம்மதம் வாங்க வேண்டும். கொஞ்சம் குறும்பாக இருக்கட்டுமே என்று, இந்தக் கதையையே மின்கையொப்பத்துக்கு அவளுக்கு அனுப்பினேன். ஓடிபி அவள் எண்ணுக்குப் போயிற்று.

சற்று முன் கூப்பிட்டாள்.

“வந்திருக்குடா. எவ்வளவு நாளாச்சு இந்தச் சத்தம் கேட்டு.”

“படிச்சியா? படிச்சிட்டு உனக்குச் சம்மதம்னா போடு.”

“அன்னிக்கு நான் என்ன பண்ணேன்னு நச்சரிச்சியே. நான் ஓடிபியைச் சொல்றேன். நீ என்ன பண்றேன்னு பாரு, தெரியும்.”

நான் தடுப்பதற்குள் ஆறையும் சொல்லிவிட்டாள். அவளுக்கு மெயில் பெட்டி அமைத்துக் கொடுத்தவன் நான். கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் தனிக் கட்டுப்பாடு என்று ஒன்று கிடையாது. அவள் கையொப்பம் போட வேண்டிய பக்கம் என் எதிரே திறந்திருக்கிறது. அத்தானிடம் போகாத எண் என் காதில் இருக்கிறது. சத்தியமாக, ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு அவர் மேல் பொறாமையே இல்லை.

ஐந்து இலக்கம் அடித்துவிட்டேன். ஆறாவதைப் போட்டால் கதை வெளியே போகும், ஆனால் அது அவள் சம்மதம் ஆகாது. விட்டுவிட்டால் சட்டம் பிழைக்கும், அவள் என்னை நம்பிச் சொன்னது வீணாகும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் யாரோ போட்டிருக்கிறோம். அவளா நானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாடி அறையில் அன்று நடந்ததையும் அதோடு சேர்த்தே முடிவு செய்துவிடுங்கள்.

அக்கா இன்னும் போனை வைக்கவில்லை. மூச்சுவிடாமல் காதை வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் டைப் அடித்தால் அவளுக்குச் சத்தம் கேட்கும்.