வலது பக்கத்துப் பாரம்

சங்கரேஸ்வரியின் மார்பைப் பற்றி அந்த வீட்டில் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. மாமியாருக்கு இருந்தது, நாத்தனாருக்கு இருந்தது, புருஷனுக்கோ கேட்கவே வேண்டாம். வலி மட்டும் அவளுக்கு இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வீட்டில் தனக்கு வராத வலிக்கு வைத்தியம் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

விஷயம் இதுதான். அவளுக்கு வலது மார்பு இடதைவிடப் பெரியது. வயசுக்கு வந்ததிலிருந்தே கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பையன் பிறந்து, பால் குடித்து மறந்த பிறகு, பார்த்தாலே தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். நாள் முழுக்க வலது கையைத் தூக்கிப் போர்டில் எழுதிவிட்டு வீடு திரும்பும்போது கழுத்து இரும்பாகக் கனக்கும். கோடையில் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகும். கழுத்து வலிக்கிறது என்று புருஷனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவனும் சளைக்காமல் தைலம் வாங்கிக் கொடுத்தான்.

புருஷன் மணிகண்டபிரபுவுக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுகிற வழக்கம் கிடையாது. ஆனால் அவன் தொழில் அப்படிப்பட்டது. அச்சன்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வெண்டைக்காய் மூட்டையை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போவான். திரும்பி வருவதற்குள் இவன் கேரளா வியாபாரியிடம் சரக்கைத் தள்ளியிருப்பான். "அண்ணாச்சி, பேசி முடிச்சாச்சு" என்பான். விவசாயியும் தலையை ஆட்டுவான். இரண்டு பக்கத்துக்கும் தானே பேசி, தானே முடிக்கிறவனுக்கு, மூன்றாவதாக ஒருவருக்கு வாய் இருக்கிறது என்பது நாளாவட்டத்தில் மறந்து போகும்.

தென்காசியில் சொந்த வீடு இருந்தால், ஆனி ஆடியில் அது வீடு இல்லை, சத்திரம். சாரல் விழுந்தது என்று டிவியில் சொன்ன மறுநாளே சொந்தக்காரர்கள் பையும் துண்டுமாக வந்து இறங்குவார்கள். அந்த வருஷம் சிவகிரியிலிருந்து மணிகண்டபிரபுவின் அக்கா யோகலட்சுமி தன் பரிவாரத்தோடு வந்தாள். எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனார்கள். சங்கரேஸ்வரி எப்போதும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பாள். அன்றைக்குப் பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் யாரோ இடித்ததில் துண்டு தண்ணீரோடு போய்விட்டது. யோகலட்சுமி பார்த்தாள். பார்த்ததோடு விட்டிருந்தால் அவள் யோகலட்சுமி இல்லையே.

திரும்பி வரும்போது வேனில், நேந்திரம் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி சங்கரி, உனக்கு என்ன ஒரு பக்கம் மட்டும் இப்படி இறங்கிக் கெடக்கு? டாக்டர்ட்ட காட்டக் கூடாதா?"

வேனில் ஆண்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான், நன்றாகக் கேட்கட்டும் என்று. சங்கரேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணிகண்டபிரபுவின் முகம் தொங்கிப்போனது. மனைவியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டார்களே என்று அவனுக்கு வருத்தம் என்று அவள் நினைத்தாள். அவனுக்கு வருத்தம்தான், ஆனால் அது அவளுக்காக இல்லை. தன் வீட்டுச் சரக்கில் குறை இருப்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதே என்ற வருத்தம். இது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது.

விருந்தாளிகள் கிளம்பிய பின் அவனே பேச்சை எடுத்தான். "வாரத்துல ஒரு நாள் மதுரையில இருந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஒருத்தர் இங்கன வாராராம். போய்ப் பாப்போமாட்டி?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருஷமாகத் தனியாக யோசித்த விஷயம்! போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அழித்துவிடுவாள். கடைசியில் இந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று, பாவம், சந்தோஷப்பட்டாள்.

டாக்டர் ஜஸ்டின் பொறுமையாகத்தான் விளக்கினார். "மூணு வழி இருக்கும்மா. சின்ன பக்கத்துக்குள்ள சிலிக்கான் இம்ப்ளாண்ட் வச்சுப் பெருசாக்கலாம். தழும்பு சின்னது, மடிப்புல மறைஞ்சிரும். ஆனா அது ஆயுசுக்கும் நிக்கும்னு சொல்ல முடியாது, பின்னாடி மாத்த வேண்டி வரலாம். இல்லேன்னா, பெரிய பக்கத்துல சதையும் கொழுப்பும் எடுத்துக் குறைச்சுட்டு, தூக்கி நிறுத்தலாம். அதுல தழும்பு அதிகம். காம்பைச் சுத்தி வரும், அங்கிருந்து நேரா கீழ வரும், அடியிலயும் வரும். உணர்ச்சி குறையலாம். இன்னொரு குழந்தை பிறந்தா அந்தப் பக்கம் பால் கொடுக்கறது கஷ்டமாகலாம். மூணாவது, எதையும் எடுக்காம தூக்கி மட்டும் நிறுத்தறது. எடை அப்படியே இருக்கும்."

"கழுத்து வலி எதுல போகும் டாக்டர்?"

"பாரம் குறைஞ்சாத்தான் வலி குறையும். அது ரெண்டாவதுலதான்."

"அப்ப அதுதான் வேணும்."

"செத்தப் பொறு," என்றான் மணிகண்டபிரபு. "டாக்டர், சின்னதப் பெருசாக்கினா ரெண்டும் சமமாயிரும்லா? எதுக்கு வெட்டணும்?"

"சமமாகும் சார். ஆனா இவங்களுக்கு வலிதானே பிரச்சனை? அதுவும் இல்லாம, முடிவு இவங்களோடது."

காரில் ஏறியதும் அவன் ஆரம்பித்தான். "காய்ப்புள்ள மரத்துக் கொப்ப எவனாவது வெட்டுவானாட்டி? உள்ளத வெட்டிக் குப்பையில போடவா ஆஸ்பத்திரிக்குப் போறோம்?"

"அது கொப்பு இல்ல. எனக்கு வலிக்கி."

"வலிக்குத் தைலம் இருக்குல்லா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காரை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம் போலிருந்தது. கணக்கு டீச்சர். கூட்டினாலும் சமமாகும், கழித்தாலும் சமமாகும் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்று சுமக்கிறவள்தானே சொல்ல வேண்டும்?

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மாமியார் பேச்சித்தாய் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "பிள்ள பால் குடிச்ச மாரையா வெட்டப் போற? நாளைக்கே ஒரு பொம்பளப் பிள்ள பொறந்தா பாலுக்கு எங்க போவ?"

"இடது பக்கம் ஒண்ணு இருக்குல்லா அத்தே. அத வெட்டலியே."

யோகலட்சுமி சிவகிரியிலிருந்து போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். "இம்ப்ளாண்டே வைக்கச் சொல்லு தம்பி. சேல கட்டினா எடுப்பா இருக்கும். இப்பல்லாம் யாரு வைக்கல?" யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சியும் நடந்தது. சங்கரேஸ்வரி அடுப்படிக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நங்கென்று வைத்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

இப்படியே சில வாரம் போனது. அவள் இறங்கி வரவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணிகண்டபிரபு, "சரி, உன் இஷ்டம் போலச் செய்," என்றான். அவள் நம்பினாள். மார்க்கெட்டில் எல்லோரிடமும், அவளுக்குப் பித்தப்பையில் கல், அதற்குத்தான் ஆபரேஷன் என்று சொல்லி வைத்தான். அதற்கும் அவள் சம்மதித்தாள்.

ஆபரேஷன் நாள் காலையில் டாக்டர் அவளை நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் அளந்து வரைந்தார். நின்றால்தான் அளவு சரியாக வருமாம். பக்கத்தில் நர்ஸ் பர்சானா நின்றாள். பேனா ஜில்லென்று இடது மார்பின் அடிமடிப்பில் ஓடியது. பிறகு ஒரு வட்டம். டாக்டர் மூடியை மூடினார்.

சங்கரேஸ்வரி காத்திருந்தாள். வலது பக்கத்துக்குப் பேனா வரவே இல்லை.

"டாக்டர், இந்தப் பக்கம்தான வரையணும்?"

டாக்டர் நிமிர்ந்தார். "நேத்து உங்க ஹஸ்பெண்ட் போன் பண்ணினாரே. நீங்க யோசிச்சு இம்ப்ளாண்டுக்கு மாறிட்டீங்கன்னு சொன்னாரு. பேசி முடிச்சாச்சுன்னாரு."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் நெருப்பு ஏறியது.

"யாரு கூட பேசி முடிச்சாராம்?"

"இல்லம்மா, எப்படியும் உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தான்…"

"பேனாவ எடுக்கதுக்கு முன்னாடி கேட்டியளா டாக்டர்? முடிவு என்னோடதுன்னு நீங்கதான சொன்னிய? அவரு ஒரு போன் போட்டதும் அது அவரோடதா ஆயிட்டா?"

பர்சானா ஒரு துணியை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். சங்கரேஸ்வரி அதை இழுத்துச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து, வராந்தாவைத் தாண்டி, தங்களுக்குக் கொடுத்திருந்த அறைக்குள் போனாள்.

அங்கே புருஷனும் மாமியாரும் நாத்தனாரும் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குத் துணையாக யோகலட்சுமியும் வந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் மணிகண்டபிரபு எழுந்தான்.

"என்னாச்சு? அதுக்குள்ளயா?"

"டாக்டர்ட்ட என்ன சொன்னிய?"

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. குரலைத் தழைத்தான். "நல்லதுக்குத்தானட்டி. நீ பயத்துல கொழம்பிக் கெடந்த. நான் பேசி முடிச்சிட்டேன். முடிஞ்ச பொறவு உனக்கே பிடிச்சிரும்."

"நான் கொழம்பவே இல்ல. முத நாள்ல இருந்து ஒரே பேச்சுதான் பேசுதேன். உங்க கடைக்கு வெண்டைக்கா கொண்டு வாரவன்கூட மூட்டைய இறக்கி வச்சிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். நான் எதையும் இறக்கி வைக்கலியே? என் உடம்பு என்கிட்டதான இருந்துச்சு? என்கிட்ட கேக்காம எப்படிப் பேசி முடிச்சிய?"

"மெதுவாப் பேசு. வெளிய ஆளு இருக்கு."

ஆள் இருக்கத்தான் செய்தது. பக்கத்துக் கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, கல்லு எடுத்தாச்சா? எங்க வீட்லயும் போன வருஷம்…"

"கல்லு இல்ல அண்ணாச்சி," என்றாள் சங்கரேஸ்வரி. "எனக்கு மாரு ஒரு பக்கம் பெருசு. பாரம் தாங்காம கழுத்து ஒடியுது. அதக் குறைக்கத்தான் வந்தேன். எனக்குத் தெரியாம இவரு மத்தப் பக்கத்தப் பெருசாக்கச் சொல்லி டாக்டர்ட்ட பேசி முடிச்சிட்டாரு. மார்க்கெட்ல யாரும் கேட்டா இதயே சொல்லுங்க. பித்தப்பைனு சொல்லாதிய."

அண்ணாச்சி பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். "நான் பொறவு வாரேம்மா," என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

"மானத்த வாங்கிட்டாளே!" என்று யோகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேன்ல அத்தன பேரு முன்னால என் மானத்த வாங்கினது யாரு மைனி? அப்ப உங்க தம்பி வாயத் திறந்தாரா? நீங்கதான் திறந்தியளா அத்தே?"

பேச்சித்தாய் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் அடங்கிவிடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சங்கரேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் மட்டும்தான் வந்தது. அது கையிலும் காலிலும் பலமாக இறங்கியது.

டாக்டர் ஜஸ்டின் வாசலில் வந்து நின்றார். "தப்பு என் மேலயும் இருக்கும்மா."

"இருக்கு டாக்டர்."

"மனசு சரியில்லேன்னா வேற நாள் வச்சுக்கலாம். வேற டாக்டர்கிட்ட போகணும்னாலும் எல்லாப் பேப்பரும் தந்திடறேன்."

அவள் யோசித்தாள். இன்றைக்குத் திரும்பிப் போனால் மறுபடி பஞ்சாயத்து கூடும், ஸ்பீக்கர் போன் வரும், தைலம் வரும்.

"என் மனசுக்கு ஒண்ணும் இல்ல. நான் வாயால சொல்லுததக் கேட்டு நீங்க செய்வியளா?"

"செய்யறேன். அதுக்கு நேரம் அதிகமாகும், மத்தியானத்துக்கு மாத்தணும்."

"மாத்துங்க. கூட இருக்க எங்க ஸ்கூல் கிருபா டீச்சர வரச் சொல்லுதேன். நான் கண் முழிக்கும்போது இவங்க யாரும் இங்கன இருக்கக் கூடாது."

அவள் வராந்தாவில் திரும்பி நடந்தாள். மணிகண்டபிரபு பின்னாலேயே ஓடி வந்து கதவருகில் மறித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "நான் உன் புருஷன்ட்டி. இதுல ஒரு வார்த்த பேச எனக்குப் பாத்தியத இல்லையா?"

அவள் நின்றாள். போர்த்தியிருந்த துணியை வலது தோளிலிருந்து விலக்கினாள். உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி அங்கே சதை பள்ளமாக இறங்கி, கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. ஒரு விரலை வைத்தால் உள்ளே பதிந்துவிடும்.

அவன் குனிந்து பார்த்தான். "இது எப்பட்டி வந்துச்சு?"

நடிப்பில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான். அதுதான் அவளை எல்லாவற்றையும்விட எரித்தது.

"பையன் பால் மறந்ததுல இருந்தே இருக்கு," என்றாள். "நீங்க இத்தன வருஷமா வேற இடத்தப் பாத்துக்கிட்டு இருந்திய."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பர்சானா இடது பக்கத்துக் கோட்டை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். சங்கரேஸ்வரி நிமிர்ந்து நின்று, டாக்டரிடம் வலது பக்கத்தைக் காட்டினாள்.