லைனிங்கில் விழுந்த வளையம்

மார்ச் 12, வியாழன். இன்றைய தவறு: சாயச் சோதனையைப் பையின் பாக்கெட் துணியில் செய்தேன். கறை இருந்ததோ அடித்துணியில். இரண்டும் ஒரே நிறம், அதனால் ஒரே துணி என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

இதை எழுதி முடித்தபோது மணி பகல் பன்னிரண்டு. வழக்கமாக மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன்தான் அவள் நாட்குறிப்பைத் திறப்பாள். துணிப் பராமரிப்பு வகுப்பில் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். முதல் வரியில் அன்றைய தவறு இருந்தாக வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு தவறைத் தேடிப்பிடித்து எழுதினார்கள். இவளுக்குத் தினமும் நாலைந்து தேறும், எதை எடுப்பது எதை விடுவது என்பதுதான் சிக்கல். திறக்காத நேரத்திலும் நோட்டும் கையுமாகத் திரிந்ததில் வீட்டில் அவள் பெயரே நோட்டு என்று ஆகிவிட்டது.

நோட்டுக்கு வேலை அண்ணியின் கடையில். கைப்பை, காலணி, பெல்ட் எல்லாம் சுத்தம் செய்து பழுது பார்க்கும் கடை. முன்னால் கவுண்டர், நடுவில் ஒரு தடுப்பு, பின்னால் ஜன்னலை ஒட்டி நீள மேசை. தோலின் வெளிப்புற வேலை முழுக்க அண்ணியுடையது. பைக்குள்ளே இருக்கும் உள்துணியான லைனிங் வேலையை நோட்டு கேட்டு வாங்கியிருந்தாள். வாங்கிய இரண்டாவது வாரமே ஒரு கறுப்பு லைனிங்கை நனைத்து, அதன் சாயத்தைப் பக்கத்து வெள்ளை பாக்கெட்டுக்குத் தாரை வார்த்துவிட்டாள். அண்ணி கத்தவில்லை. இரண்டு மாதம் கவுண்டரில் உட்காரவைத்து ரசீது கிழிக்க விட்டாள், அவ்வளவுதான். இந்த வாரம் மேசையைத் திருப்பிக் கொடுத்தபோது, இதுவும் சொதப்பினால் நிரந்தரமாகக் கவுண்டர்தான், பிறகு என்னிடம் வந்து கண்ணைக் கசக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

வந்த பை லேசுப்பட்டது இல்லை. கண் டாக்டர் ஒருவருடையது. தேன் நிறத் தோல், பித்தளைக் கொக்கி, உள்ளே சந்தன நிற லைனிங். அதன் விலையை அண்ணன் ஒருமுறை விசாரித்துவிட்டு, அந்தப் பைக்குள் நாம் மூன்று பேரும் குடியிருக்கலாம் என்றான். மூடி கழன்ற லிப்ஸ்டிக் ஒன்று உள்ளேயே உருண்டு உருண்டு, அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு அப்பியிருந்தது.

காலையில் நோட்டு எல்லாவற்றையும் வரிசையாகத்தான் செய்தாள். பையைத் தலைகீழாகத் தட்டினாள். மூலைகளில் கிடந்த துகளைப் பஞ்சால் எடுத்தாள். மேலாக ஒட்டியிருந்த மெழுகை மழுங்கிய கரண்டி விளிம்பால், தேய்க்காமல், வழித்தாள். பாக்கெட் துணியில் ஈரப் பஞ்சை ஒற்றி ஐந்து நிமிடம் பார்த்தாள், சாயம் கழலவில்லை. சோப்பு நுரையை மட்டும் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் கறையை எடுத்தாள். சிவப்பு கிட்டத்தட்ட முழுதாகவே போனது. சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், ஈரம் காய்ந்த விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம், சூடான டம்ளரை வைத்து எடுத்த மாதிரி.

அப்போதுதான் பாக்கெட் துணியையும் அடித்துணியையும் விரலால் நெருடிப் பார்த்தாள். கை அடிக்கடி உரசும் இடம் என்று பாக்கெட்டுக்கு உழைக்கிற துணியாகப் போட்டிருந்தார்கள். அடியில் இருந்தது பட்டு மாதிரி வழுக்கும் வேறு துணி. தண்ணீர் பட்டால் ஊறி, அழுக்கையெல்லாம் விளிம்புக்குத் தள்ளும் ரகம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டைவிட்டாள்.

பொருட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அண்ணன் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். வளையத்தைப் பார்த்தான், தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன நோட்டு, நிலா வரைஞ்சிருக்க?"

அவனிடம் ஒரு யோசனையும் தயாராக இருந்தது. லைனிங்கில் கறை படாமலிருக்கப் பைக்குள் வைக்கும் தடித்த ஃபெல்ட் துணித் தட்டுகள் கடையிலேயே அடுக்கிக் கிடந்தன. பேனாவுக்கு ஒரு அறை, லிப்ஸ்டிக்குக்கு ஒரு அறை. அதில் ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, பாதுகாப்புக்காக இலவசமாக வைத்தோம் என்று சொன்னால் அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போவார், தூக்கி யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

நோட்டுக்குச் சபலம் தட்டாமல் இல்லை. ஒரு தட்டை எடுத்து வைத்தும் பார்த்தாள். தைத்து வைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. வளையம் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அது இருப்பது அவளுக்குத் தெரியுமே. தட்டை எடுத்து அடுக்கில் திரும்ப வைத்தாள்.

"இதை எடுக்க முடியும்ணா. எப்படின்னும் தெரியும்," என்றாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

தெரிந்தது இதுதான். ஓரிடத்தில் மட்டும் நனைத்தால் வளையம் விழும். அடித்துணி முழுவதையும் தையலிலிருந்து தையல்வரை ஒரே சீராக நனைத்து, ஒரே சீராகக் காயவைத்தால் விளிம்பு என்று ஒன்றே இருக்காது, வளையமும் நிற்க இடமிருக்காது. ஆனால் அவ்வளவு ஈரம் துணியைத் தாண்டி அட்டைக்கும் தோலுக்கும் இறங்கினால் பையே பாழ். துணிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளும் துண்டும் செருக வேண்டும். அதற்கு வழி ஒன்று உண்டு: பையைத் தைத்தவர்கள் கடைசியில் அதை உள்ளும் வெளியும் மாற்றித் திருப்பி எடுக்க லைனிங்கின் அடித்தையலில் விட்ட திறப்பு. திருப்பிய பிறகு அதைக் கையால் மூடித் தைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். பிரிக்கப் பைக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நூல் வாங்கப் போயிருந்த அண்ணி ஒரு மணிக்குத் திரும்பினாள். நோட்டு தவறிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். அண்ணி வளையத்தைப் பார்த்தாள், பாக்கெட் துணியை நெருடினாள், பெருமூச்சு விட்டாள்.

"நான் பேச மாட்டேன். மேசை உன்னோடது, போனும் நீதான் பண்ணணும்."

டாக்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நோட்டு, சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருந்தும் அதைப் பார்க்காமலே பேசினாள். லிப்ஸ்டிக் போய்விட்டது, தன் தவறால் நீர் வளையம் விழுந்திருக்கிறது, அதை எடுக்கத் தையல் பிரிக்க வேண்டும், வேண்டாமென்றால் இப்படியே தருகிறேன், கூலி வேண்டாம் என்றாள்.

"நானும் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடிதான்மா கையெழுத்து வாங்குவேன்," என்றார் டாக்டர். "எத்தனை தையல்?"

"பதினொண்ணு, மேடம்."

"பிரிக்கவே இல்ல, எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன் மேடம்."

அவர் சிரித்தது தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணிக்கும் கேட்டது. பிரிச்சுக்கோ, நாளைக்கு நாலு மணிக்கு வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊசியைப் பிடித்ததும் நோட்டின் கை நிதானமாகிவிட்டது. பயமெல்லாம் அவளுக்குத் தலையில்தான், கைக்கு அது ஒருபோதும் இறங்கியதில்லை. பதினொரு தையலையும் துணியில் கீறல் விழாமல் பிரித்தாள். உள்ளே மடிந்து கிடந்த தையல் ஓரம் அடித்துணியேதான். இந்த முறை சோதனையை அதிலேயே செய்தாள். பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயம் அசையவில்லை. திறப்பு வழியே பிளாஸ்டிக் தாளையும், அதன்மேல் வெள்ளைத் துண்டையும் செருகி நீவிவிட்டாள். காய்ச்சி வடித்த நீரைப் பனிபோலத் தெளித்து, துணி மூலைவரை ஒரே நிறமாகக் கருக்கும்வரை நனைத்தாள். மேலே இன்னொரு துண்டை வைத்து அழுத்தி அழுத்தி ஒற்றினாள். துண்டில் பழுப்பு இறங்கியது. துண்டை மாற்றினாள், மறுபடி இறங்கியது. நாலாவது துண்டு வெள்ளையாகவே வந்தது.

பிறகு சூடில்லாத காற்று. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் கோலம் போடுவதுபோல் கையை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பைக்கு முடி வெட்டி முடிச்சாச்சா என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு அண்ணி வந்தாள். டார்ச்சை அடித்து, பையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கையை உள்ளே விட்டு மூலைகளைத் தடவினாள். வளையம் இல்லை. லிப்ஸ்டிக் இருந்த இடத்தில், தெரிந்தவர்கள் தேடினால் மட்டும் கிடைக்கும் ஒரு ரோஜாச் சாயல். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றாள் நோட்டு. அண்ணி தலையாட்டினாள். முன்பக்கம் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி திரும்பி வந்து, பேனா மை ஒழுகிய ஒரு பச்சைப் பையை மேசைமேல் வைத்தாள்.

"இது திங்கக்கிழமைக்கு வேணும். கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நோட்டு நாட்குறிப்பை எடுத்துக் கடைசி வரியை எழுதினாள்.

நாளை: ஒன்பது மணிக்கு, சந்தன நிற நூலால், பழைய துளைகளிலேயே பதினொரு தையல்.