அக்கா பேரில் ஒரு கம்பெனி

தப்பு நடக்கிற இடம் தெரிந்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிகளுக்கு அரசு மானியத்தில் கணினியும் இணைய வசதியும் தரும் திட்டத்தில் அவள் ஆய்வாளர். மூன்று தலைமையாசிரியர்கள் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டிய தேவைப் பட்டியல்களில், மூன்றிலுமே ‘மாடி நூலகத்துக்கு இரண்டு வைஃபை கருவிகள்’ என்று இருந்தது. வேர்த்துவிட்டது.

மூன்றாவது பள்ளிக்கு நேரிலேயே போனாள். ஒரே வரிசையில் ஆறு வகுப்பறைகள். நூலகம் என்பது ஒரு பீரோ. மாடியா, மூச்! கருவி விற்க வந்தவரே பட்டியலையும் எழுதி வந்ததாகவும், தான் முத்திரை மட்டும் குத்தியதாகவும் தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார்.

விற்க வந்தவர் அவளுடைய சொந்த அக்கா புருஷன்.

அதற்காக அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. உள்ளதை எழுதினாள். உறவையும் எழுதி, விசாரணையை வேறு அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னாள். விளக்கம் சொல்ல அத்தானுக்கு முப்பது நாள் கொடுத்தார்கள். அவர் மழுப்பினார். மூன்று வருடத்துக்கு இந்தத் திட்டத்தின் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. தடை கம்பெனிக்கு மட்டுமல்ல, பெயர் போட்டு ஆளுக்கும்தான்.

அத்தான் லேசுப்பட்டவரா? அக்கா பேரில் புதுக் கம்பெனி தொடங்கக் கிளம்பிவிட்டார். சேதி காதில் விழுந்த மதியமே அவள் அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா கையெழுத்துப் போட்டால் அடுத்த தடை அக்கா மேல் விழும். தடுத்தாலோ, குடும்பத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் தனக்கு வரும். பெயர் போனால் போகட்டும், அக்காவை இழக்கத்தான் அவளால் முடியாது.

முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் அக்கா, பக்கத்தில் விண்ணப்பத்தோடு அத்தான். வாங்க மேடம் என்று குத்தலாக வரவேற்று, சொந்தத்தில் ஓர் அதிகாரி இருந்தும் ஒரு பிரயோஜனமில்லை என்று அலுத்துக்கொண்டார்.

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

“அவரைப் பத்தி எழுதினது நான்தான்க்கா. இதுல நீ கையெழுத்துப் போட்டா, உன்னைப் பத்தியும் எழுதுவேன்.”

“என்னைப் பத்தியுமா?”

“ஆமா.”

அக்கா தையலை ஓரமாக வைத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதுவரை படிக்காத விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். பாதியில் விரல் நின்றது.

“கணினித் துறையில பத்து வருஷ அனுபவம்னு போட்டிருக்கு. யாருக்குங்க, எனக்கா?”

அக்கா விண்ணப்பத்தை நான்காகக் கிழித்தாள். பட்டன் வைக்காமல் கிடந்த சட்டை ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“எனக்கு அனுபவம் இதுலதான். உட்கார்ந்து கத்துக்கங்க, மூணு வருஷம் இருக்கு.”